கப்பி ரோட்டுச் சம்பந்தம்

...பெல்லு கெடையாது பாய்! பெல்லு இல்ல, கேரியர் இல்ல, மட்கார்டு இல்ல. சரி, ஸ்டாண்டாவது இருக்கான்னு குனிஞ்சு பாக்குறேன், அதுவும் இல்ல! ஸ்டாண்டு இல்லாத சைக்கிள எங்கங்க நிறுத்துவான் மனுசன்? அப்படியே புல்லுமேல சாச்சுப் போட்டுட்டுப் போயிடுறாங்க. அறுத்துப் போட்ட ஆடாட்டம் கெடக்குது. இந்த மீரா உசேன் கடையில அப்படி ஒண்ணக் கொண்டாந்து நிறுத்துனா... நிறுத்த எங்க முடியும், அதான் ஸ்டாண்டே இல்லையே! "இன்னும் பூட்டி முடிக்கலயே தாயி, பாதியிலயே எடுத்துட்டு வந்துட்டியே"ன்னு நீங்களே திருப்பி அனுப்புவீங்க.

நீங்க பஞ்சரப் பாருங்க பாய். நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டிருக்கேன். ரயில் கேட்டு சாத்திட்டான், எங்க போறது? நீடாமங்கலத்துல கேட்டு சாத்துனா எப்பத் தொறப்பான்னு மாதாவுக்குத்தான் வெளிச்சம். நேத்து இதே கேட்டுலதான் பெட்டியோட நின்னேன். மவ லின்சியப் பாத்துட்டு பிரான்சுலேருந்து மெட்ராஸ் வந்தது கூடத் தெரியல பாய், இந்தக் கேட்டத் தாண்டுறதுக்குள்ள உசுரு போயிடுச்சு.

எதுல விட்டேன்? ஆங்... கப்பி ரோடு. இன்னும் சொல்லல? அட, அதான் கூத்தே! நம்ம தெருவுக்கு தார் போடச் சொல்லி எத்தன வருசமா மனுக் குடுக்குறோம்? கப்பிக்கல்லக் கொட்டிட்டுப் போனவன் போனவன்தான். நடந்தா காலப் பதம் பாக்குது, சைக்கிள்ள போனா முதுகெலும்பு கழண்டு வருது. அங்க என்னடான்னா... சிரிக்காதீங்க பாய், சத்தியமாச் சொல்றேன்... வழுவழுன்னு தார் ரோடு போவுது. தோசைய ஊத்தித் திருப்பலாம், அப்படி ரோடு. அத விட்டுட்டு, பக்கத்துல வயலுக்குள்ள போற கப்பி ரோட்டத் தேடித் தேடிப் போறாங்க! "ஏண்டி லின்சி, இவங்களுக்கெல்லாம் என்ன வேண்டுதலா?"ன்னு கேட்டேன். "அம்மா, இதுக்குன்னே தனி சைக்கிள், இதுக்குன்னே தனி வழி"ங்குறா. வழி போட்டுக் குடுக்குறதுக்குன்னே ஆளுங்க இருக்காங்களாம். இந்தக் கப்பியில போ, அந்தத் தோப்போரம் திரும்பு, அங்க ஒரு மாதா கோயில் இருக்கு, குழாயில தண்ணி புடிச்சுக்கன்னு படம் போட்டுக் குடுத்துப் பொழைக்கிறது. லின்சி கட்டிக்கிறேங்குற பய அந்த வேலைதான் பாய் பாக்குறான்! மத்தேயு. பேரு என்னவோ வேதத்துல இருக்குற பேருதான். கோயிலுக்குப் போறது கிறிஸ்மஸுக்கு மட்டும்.

எங்கூட்டுக்காரரு, ஒங்க சிநேகிதரு, அவருக்கு அதுதான் பத்திக்கிட்டு வந்துச்சு. "வழி சொல்றதெல்லாம் ஒரு உத்தியோகமா? டீக்கடையில கேட்டா எவனும் சும்மா சொல்லுவான். இவனுக்கா எம் பொண்ணு?"ன்னு ஒரே குதி. நாத்தங்காலுக்குத் தண்ணி வுடுற நேரம், தன்னால வர முடியாதுன்னுட்டாரு. "நீ போ. மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு சொல்லிட்டு, பொண்ணக் கையோட கூட்டியா"ன்னு என்னைய அனுப்பி வச்சாரு. நான் என்ன சொன்னேன்? சரின்னுதான் சொன்னேன். அவருகிட்ட வேற என்ன சொல்ல முடியும்? ஒங்களுக்குத் தெரியாததா... கூடப் பொறந்த தங்கச்சி, சொல்லாமக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்குறதுக்காக இன்னிக்கு வரைக்கும் பேச்சு கெடையாது. ஒரே தெரு பாய்! அந்தப் புள்ள தண்ணிக் கொடத்தோட எதிர்ல வந்தா இவரு சந்துல திரும்பிடுவாரு. லின்சிகிட்டயும் அப்படி நிறுத்திட்டாருன்னா?

ம்... அந்த டியூப்ப நல்லாத் தண்ணியில முக்கிப் பாருங்க, ரெண்டு எடத்துல காத்து போற மாதிரி இருக்கு.

போயி எறங்குனதும் வாயத் தொறந்து முடியாதுன்னு சொல்லிட வேண்டியதுதானேன்னு நீங்க நெனைப்பீங்க. எங்க விட்டாங்க! அந்தப் பய அம்மா, கிளாரம்மா... நான் வச்ச பேரு, அது வாயில நுழையாத ஒரு பேரு சொல்லிச்சு, நான் கிளாரம்மான்னு வச்சுக்கிட்டேன்... அது எனக்குன்னு ஒரு மோட்டார் வச்ச சைக்கிளக் கொண்டாந்து நிறுத்தி... சாச்சு வச்சுருச்சு. லின்சி என்னைய சேலையோட ஏத்த மாட்டேன்னுட்டா. பேன்ட்டு! செபஸ்தியம்மாளுக்குப் பேன்ட்டு! தலையில கவுத்துப் போட்ட சட்டியாட்டம் ஒரு தொப்பி. போட்டோ எடுக்காதடி, எடுத்தா செத்துடுவேன்னு சொன்னேன். எடுத்துட்டா. அப்புறம் காட்டுறேன். லின்சி அப்பாகிட்ட மூச்சு விடக்கூடாது.

சைக்கிள் எனக்குப் புதுசா பாய்? முன்னாடி தவிட்டு மூட்ட, பின்னாடி புள்ளைங்க, வெண்ணாத்துக் கரையில நான் மிதிக்காத மிதியா? அதனால சும்மா தெனாவெட்டா ஏறிட்டேன். கொஞ்ச தூரம் போனப்பறந்தான் பாக்குறேன்... அது என்னா ஊருங்குறீங்க? மலையின்னு சொல்ல முடியாது, தரையின்னும் சொல்ல முடியாது. கடவுள் உழுதுட்டுப் பரம்படிக்க மறந்துட்டாரு பாய், அவ்வளவுதான். மேல ஏறுது, எறங்குது, மறுபடியும் ஏறுது. கோதும வயலு சாஞ்சு கெடக்குது. சாஞ்ச வயலுக்குத் தண்ணி எப்படி நிக்கும்? எனக்கு அதுவே ஓடுது மண்டைக்குள்ள. "எந்த மடையிலேருந்துடி பாய்ச்சுறாங்க?"ன்னு கேட்டேன். "மழைதாம்மா"ங்குறா. மேட்டூரும் கெடையாது, மொற வைக்கிறதும் கெடையாது, அடிபுடியும் கெடையாது. அப்புறம் இவனுங்க சைக்கிள் ஓட்டாம என்ன பண்ணுவானுங்க!

அந்த மேட்டுல ஏறயில மோட்டார் நின்னு போச்சு. சார்ஜு தீந்துடுச்சாம். நான்தான் சமதரையிலயும் அமுக்கிக்கிட்டே வந்துட்டேன். நல்லாத் திட்டுனேன் பாய், தமிழ்ல, அவங்களுக்கு என்ன புரியப்போவுது. காலு நடுங்குது, கப்பி வழுக்குது, எறங்கித் தள்ளலாம்னு பாக்குறேன்... முதுகுல ஒரு கை. அந்தப் பய! அவன் சைக்கிள ஒத்தக் கையில புடிச்சு மிதிச்சுக்கிட்டே, இன்னொரு கையால என்னையத் தள்ளிக்கிட்டு வரான். அவனுக்கு மூச்சு வாங்குது. வேர்வ சொட்டுது. "மெதுவா, அம்மா... மெதுவா"ங்குறான். லின்சி அந்த ஒரு வார்த்தையத்தான் சொல்லிக் குடுத்துருக்கா போல. உச்சி வரைக்கும் கைய எடுக்கல பாய். நான் எங்கூட்டுக்காரரக் கொற சொல்லல, அவரும் நல்லவருதான், ஆனா கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து... சரி அத விடுங்க.

உச்சியில ஏறி நின்னா, அந்தப் பக்கம் எறக்கம். நேரா, நீளமா. கப்பி ரோடு வெள்ளையா கீழ போயிக்கிட்டே இருக்கு. "காலத் தூக்கிக்கங்கம்மா, மிதிக்க வேணாம்"ங்குறா லின்சி. மிதிக்க வேணாமா? எப்படிப் போவும்?

போச்சு பாய்!

அய்யோ, போச்சு! நம்ம ஊர்ல ஒரு முழம் சும்மா போயிருக்கா சைக்கிளு? கூத்தாநல்லூர் போனாலும் மன்னார்குடி போனாலும் மிதிச்சாத்தான் உண்டு, எதிர்காத்துல மாடு இழுக்குற மாதிரி இழுத்தாத்தான் உண்டு. வயசு அம்பத்தஞ்சுக்கு மேல ஆச்சு, மிதிக்காமப் போறதுன்னு ஒண்ணு ஒலகத்துல இருக்குங்குறதே எனக்குத் தெரியாமப் போச்சே! காலு சும்மா நிக்குது, சக்கரம் கர்ருன்னு கத்துது, காத்து வாய்க்குள்ள பூந்து கன்னம் படபடங்குது. மொதல்ல ஏசுவேன்னு கத்துனேன். அப்புறம் சிரிச்சேன் பாருங்க... சிரிப்பா அது! கண்ணுல தண்ணி வருது, நிறுத்த முடியல. கீழ போயி நின்னதும் நான் என்ன பண்ணேன் தெரியுமா? வண்டியத் திருப்பிக்கிட்டு மறுபடியும் மேல தள்ளிக்கிட்டுப் போனேன், இன்னொரு தடவ எறங்கறதுக்கு! புள்ளைங்க வேணாம் வேணாம்குது. நான் கேக்கலயே.

இப்பத்தான் விசயத்துக்கு வரேன், கேளுங்க. கேட்டத் தொறக்குறதுக்குள்ள சொல்லிடுறேன்.

எல்லாரும் மரத்தடியில ஒக்காந்தோம். கிளாரம்மா ஒரு தட்டு நெறைய செர்ரிப்பழம் கொண்டாந்து எங்கையில குடுத்துச்சு. பேக்கரியில கேக்குமேல ஒட்டி வச்சிருப்பானே அது இல்ல, நெஜ செர்ரி. அதுங்க கொல்லையில காய்ச்சது. தின்னேன். தின்னு முடிச்சா தட்டு காலியா இருக்கு. நம்ம பக்கத்துல வெறுந்தட்டத் திருப்பிக் குடுப்போமா? நீங்க நோம்புக் கஞ்சி குடுத்தனுப்புனாலே, நான் தூக்குல ஒரு பிடி சீனியாவது போட்டுத்தானே அனுப்புவேன்? கை பழகிப்போச்சு. பையில என்ன இருக்குன்னு தொழாவுனேன். வெத்தல பாக்குதான் இருந்துச்சு. ஆமா, அங்கயும் கொண்டு போயிருந்தேன், அது இல்லாம எனக்கு ஓடாது. எடுத்துத் தட்டுல வச்சு, ரெண்டு கையாலயும் கிளாரம்மாகிட்ட நீட்டுனேன். அதுவும் எந்திரிச்சு நின்னு ரெண்டு கையாலயும் வாங்கிக்கிச்சு.

"அம்மா!"ன்னு கத்துறா லின்சி. "அம்மா, தட்டு மாத்திட்டீங்க!"

எனக்கு அப்பத்தான் ஒறைக்குது. பழம் அவங்க குடுத்தாச்சு, வெத்தல பாக்கு நான் குடுத்தாச்சு, பொண்ணும் மாப்புளயும் பக்கத்துல நிக்குது. நிச்சயத்துக்கு இன்னும் என்ன பாக்கி? கோயில்ல கல்யாண ஓலை வாசிக்க வேண்டியதுதான். அவ என் கழுத்தக் கட்டிக்கிட்டு அழுவுறா, அந்தப் பய ஒண்ணும் புரியாம அவனும் அழுவுறான், கிளாரம்மா ஒரு வெத்தலைய எடுத்துக் கடிச்சுப் பாத்துட்டு மூஞ்சிய ஒரு மாதிரி வச்சுக்கிட்டு அவங்க பாசையில "நல்லாருக்கு"ங்குது.

இப்ப ஞாயித்துக்கிழம லின்சியோட தாயும் மவனும் வராங்க பாய். இதே டேசன்ல வந்து எறங்குறாங்க. ஒங்க சிநேகிதருக்கு லின்சி வராங்குறது மட்டுந்தான் தெரியும், மத்தது ஒண்ணும் தெரியாது. நான் நேத்து ராத்திரி வாயத் தொறந்தேன், "களைப்பா இருக்கும், படு"ன்னுட்டாரு. காலையில நாத்தங்காலுக்குப் போயிட்டாரு. அதான் கேக்குறேன்... நீங்க சொன்னாத்தான் கேப்பாரு. "வேணும்னு பண்ணல, கை பழக்கத்துல தெரியாம நடந்து போச்சு, ஆனா தட்டு மாத்துனது மாத்துனதுதான்"னு நீங்க ஒரு வார்த்த... போன வருசம் அன்பரசன் வீட்டுக்காரங்க நிச்சயம் பண்ணிட்டுப் பின்வாங்குனப்ப, "தட்டு மாத்துனப்புறம் மாறுனா அவன் மனுசனாடா?"ன்னு தெருவுல நின்னு சண்ட போட்டவருதானே அவரு? நீங்களும்தானே கூட நின்னீங்க? அதத்தான் சொல்றேன். அவரு வேற எத வேணாலும் தள்ளிடுவாரு. இதத் தள்ள மாட்டாரு.

அந்தப் பயலுக்கு ஒசரமா ஒரு சைக்கிள் வாடகைக்கு வேணும் பாய். ஆறடிக்கு மேல இருக்கான். நம்ம கப்பி ரோட்டப் பாத்தா தார் போட விடமாட்டான்னு நெனைக்கிறேன், கட்டிப் புடிச்சுக்குவான். கேரியர் இருந்தாலும் பரவால்ல, கழட்டிக்க... பாய்? எங்க கெளம்புறீங்க? கேட்டத் தொறந்துட்டானா? இருங்க, டியூப்பு இன்னும் தண்ணியிலயே கெடக்கு! கடைய யாரு பாக்குறது? தொழுகைக்கா? தொழுகைக்கு அந்தப் பக்கம் ஏன் போறீங்க, பள்ளிவாசல் இந்தப் பக்கம்... பாய்! எங்க ஊரு ரோட்டுலயா திரும்புறீங்க?

போயிட்டாரே. மொபெட்ட முறுக்கிக்கிட்டு நேரா நாத்தங்காலுக்கே போயிட்டாரு. நல்ல மனுசன். "தெரியாம நடந்து போச்சு"ன்னு போயி நாலு பேரு கேக்கச் சொல்லுவாரு. அவரு சொன்னா நம்புவாங்க.

தெரியாமலாம்!

ரெண்டு நாளா இந்தக் கைய முந்தானைக்குள்ளயே வச்சுக்கிட்டுத் திரியுறேன், ஒருத்தரும் பாக்கல. அந்த வெத்தல மேல என் வளையலையும் வச்சேன்ல. கல்யாணத்தப்பப் போட்ட வளையலு, சோப்புத் தண்ணி இல்லாமக் கழலாது. அந்த மரத்தடியில சோப்புக்கு எங்க போவேன்? எச்சியத் தொட்டுத் தொட்டு, தோலு உரிய உரிய, சிரிச்சுக்கிட்டே கழட்டுனேன். தெரியாம எவளாவது வளையலக் கழட்டுவாளா?