பல்வலிக்கு மௌனம் என்று பெயர் வைத்தவர்கள்

கோடைக் கலைவிழாவின் நிறைவு நாளுக்குத் தலைமை தாங்கும் பெரியவர் சிவமுருகன் அவர்களே! முதல் பரிசு பெற்று மேடையில் வீற்றிருக்கும் புகைப்படக் கலைஞர் அவர்களே! விழாச் செலவை ஏற்ற தங்கும் விடுதியின் உரிமையாளர் அவர்களே! முன்வரிசையில் சால்வை போர்த்து அமர்ந்திருக்கும் நகரத்துப் பெருமக்களே! நாற்காலி கிடைக்காமல் பின்னால் நிற்கும் எங்கள் மலைக் கிராமத்துப் பெரியோர்களே! பூண்டுக் காட்டு வேலையை முடித்து, கை கழுவ நேரமின்றி ஓடி வந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் பூண்டி ஜெபக்குமாரின் வணக்கம்.

நன்றி சொல்ல எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். சொல்லிவிடுகிறேன்.

மலையைப் பார்க்க வந்து, மலைக்கு முதுகைக் காட்டி, தன் முகத்தையே படமெடுத்துப் போகும் நகரத்தாருக்கு நன்றி! அமைதியைத் தேடி வந்து, கார்க் கதவைத் திறந்து வைத்துப் பள்ளத்தாக்கே அதிரப் பாட்டுப் போடுகிறவர்களுக்கு நன்றி! எங்கள் கேரட் பாத்தியை மிதித்து ஆடிவிட்டு, அந்த ஆட்ட வீடியோவுக்கு 'மண்ணின் மணம்' என்று பெயர் போட்டவர்களுக்கு நன்றி! ஏரியைச் சுற்றிக் காரை நிறுத்தி, எங்கள் பேருந்தை இரண்டு மணி நேரம் நகரவிடாமல் செய்துவிட்டு, "இங்கே வாழ்க்கை எவ்வளவு நிதானம்!" என்று வியக்கும் உங்கள் ரசனைக்குக் கோடி நன்றி!

கை தட்டாதீர்கள் அண்ணே. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

என் பின்னால் ஆறடி உயரத்தில் ஒரு படம் தொங்குகிறதே, அதற்குத்தான் முதல் பரிசு. பெயர் 'மலையின் மௌனம்'. நடுவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள்? "இந்த மூதாட்டியின் இறுகிய இதழ்களில் யுகங்களின் ஞானம் உறைந்திருக்கிறது." நல்ல தமிழ்! ஆனால் அது மூதாட்டி அல்ல. எங்கள் தெருக் குப்பம்மாள். வயது நாற்பத்தொன்பது. இதழ்களில் இருந்தது ஞானம் அல்ல, வெள்ளைப்பூண்டு!

சிரிக்காதீர்கள். கடைவாய்ப் பல் வலி. எங்கள் பக்கத்தில் பல் வலித்தால் பூண்டை நச்சிக் கன்னத்தில் அதக்கிக்கொள்வோம். அதக்கியவர் வாய் திறக்க மாட்டார். திறந்தால் பூண்டு நழுவிவிடும். பெரியாஸ்பத்திரிக்குப் போய்ப் பல்லைப் பிடுங்க, எங்கள் பூண்டி ஊர் நிறுத்தத்தில் காலையிலிருந்து அவர் பேருந்துக்குக் காத்திருந்தார். பேருந்து ஏன் வரவில்லை என்று சற்று முன் நன்றியோடு சொன்னேன். அப்போது இந்தக் கலைஞர் காரில் வந்து இறங்கினார். நாற்பது நிமிடம், நின்று எடுத்தார், குனிந்து எடுத்தார், படுத்தும் எடுத்தார். நன்றாக இருக்கிறது என்று கட்டைவிரலைக் காட்டிவிட்டுக் காரில் ஏறிப் போனார்.

ஒரு மாதமாக அந்தப் படம் விடுதி வரவேற்பறையில் தொங்கியது. விழா முடிந்ததும் நிரந்தரமாக அங்கேயே மாட்டப் போகிறார்கள். அந்த விடுதியில் வேலை பார்க்கும் பெண்களில் ஒருத்தி குப்பம்மாள் பெற்ற மகள். யார் என்று சொல்ல மாட்டேன். அவள் வேலை போய்விடக் கூடாது. தங்க வருகிறவர்கள் அவளிடம் கேட்கிறார்கள், "யாரும்மா இந்தக் கிழவி? காட்டுல இருக்கறவங்களா?" அவள் சொல்கிறாள், "தெரியாதுங்க மேடம்." தினமும், பெற்ற தாயின் படத்துக்குக் கீழே நின்று, "தெரியாதுங்க மேடம்!"

இதைக் கேள்விப்பட்ட குப்பம்மாள் நேற்று கலைஞரைப் பார்க்க வந்தார். நான் உடன் இருந்தேன்.

"தம்பி, அந்தப் படத்தைக் கழட்டிருங்க."

"பாட்டி, அது ரொம்ப பவர்ஃபுல்லான படம்."

"நான் பாட்டியில்ல தம்பி. கல்யாணத்துக்குப் பொண்ணு வச்சிருக்கேன். பல்லு வலியில மூஞ்சி வீங்கிக் கெடக்கு. அதப் போயி ஊருக்கே காட்டுறீங்களே?"

"உங்களுக்கு அது பல்வலி. பார்க்கிறவங்களுக்கு அது தத்துவம்."

"அப்ப அந்தத் தத்துவத்தை உங்க அம்மா மூஞ்சில எடுத்து மாட்டுங்க சாமி!"

இப்போது தட்டுங்கள்! இதற்குத் தட்டாமல் வேறு எதற்குத் தட்டப் போகிறீர்கள்?

பெருமக்களே, கலை என்றால் என்ன? உற்றுப் பார்ப்பது என்கிறீர்கள். நாற்பது நிமிடம் உற்றுப் பார்த்த கண்ணுக்கு வீங்கிய கன்னம் தெரியவில்லையா? தெரிந்தது! தெரிந்ததால்தான் வெளிச்சம் அந்தப் பக்கம் விழும்படி எடுத்திருக்கிறார். "என்னம்மா, கன்னம் வீங்கியிருக்கு?" எங்கள் ஊர் நிறுத்தத்தில் குடிகாரன்கூட இதைக் கேட்பான். காரில் ஏற்றிக்கொண்டு போயிருந்தால் ஒன்றரை மணி நேரத்தில் ஆஸ்பத்திரி. ஏற்றவில்லை, கேட்கவில்லை, எடுத்தார், போனார், பரிசு வாங்கினார். எங்கள் வலி உங்களுக்கு வண்ணமா? எங்கள் வாட்டம் உங்களுக்கு வரவேற்பறை அலங்காரமா? எங்கள் வீட்டுப் பிள்ளை தன் தாயைத் தாய் என்று சொல்லக் கூசும்படி செய்கிற ஒன்றைக் கலை என்று சொல்ல உங்களுக்குக் கூசவில்லையா?

என்ன தலைவரே? முடிக்கிறேன்.

"முடிக்காத ஜெபா, பேசுலே!" என்று பின்னாலிருந்து குரல் வருகிறது. இல்லை, இங்கே பக்கத்திலும் ஒரு குரல். யாரது? பூச்செண்டுத் தட்டோடு நிற்கும் விடுதிப் பெண்களில் ஒருத்தி. சத்தமாகச் சொல்லும்மா. மைக் வேண்டுமா? இந்தா.

"அது எங்க அம்மா."

கேட்டீர்களா? இன்னொரு தடவை சொல்கிறாள்.

"அந்தப் படத்துல இருக்கிறது எங்க அம்மா. எனக்குத் தெரியும்."

வழிவிடுங்கள் ஐயா, குப்பம்மாள் மேடைக்கு வருகிறார். பெருமக்களே, தாயும் மகளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் படத்தை இறக்குகிறார்கள். பார்த்து, கண்ணாடி! சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்கள்.

கலைஞர் அவர்களே, கேமராவைக் கீழே வையுங்கள். இதையுமா?

விடுதி உரிமையாளர் அவர்களே, அந்தப் பெண்ணின் சட்டையில் குத்தியிருக்கும் பெயரை எட்டிப் பார்க்கிறீர்கள். சிரமப்படாதீர்கள், அவளே மைக்கில் சொன்ன பிறகு நான் மறைப்பானேன்? குப்பம்மாள் மகள் சௌம்யா. நாளை காலை வழக்கம்போல் அவள் வேலைக்கு வருவாள். முதல் பேருந்தில் நாங்களும் கூடவே வருவோம். வரவேற்பறையில் உட்கார இடம் இல்லையென்றால் பரவாயில்லை, நின்றுகொள்கிறோம்.

பொறுமையோடு கேட்டவர்களுக்கும், பொறுக்க முடியாமல் கேட்டவர்களுக்கும் நன்றி. போய் வருகிறேன், வணக்கம்.