போஸ்டரால் அல்ல

எங்கள் ஆய்வுக்கூடத்தில் டீ நன்றாக இருக்கும். அதனால்தான் டீ அறைக் கதவின் கைப்பிடியைத் தேர்ந்தெடுத்தேன். அங்கே எல்லோரும் தொடுகிற ஒரே கைப்பிடி அது.

நானாகத்தான் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்திருக்கிறேன். என்னை யாரும் சந்தேகப்படவில்லை. விசாரணைக் குழு அறிக்கை கொடுத்துவிட்டுக் கலைந்துவிட்டது. அந்த அறிக்கையில் ஒரு தவறு இருக்கிறது. ஊழியர்களிடம் கை கழுவும் பழக்கம் வெகுவாகக் கூடியிருக்கிறது, அதற்குக் காரணம் புதிதாக ஒட்டிய போஸ்டர் என்று எழுதியிருக்கிறார்கள். சோப்புக்கட்டி ஒன்று பல்லைக் காட்டிச் சிரிக்கும் போஸ்டர். வரைந்தவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதைப் பார்த்து யாரும் குழாயைத் திறந்ததில்லை. அந்த மாற்றம் என்னால் வந்தது. அதைப் பதிவு செய்யத்தான் வந்தேன். மற்றதையும் சொல்கிறேன். சொன்னால்தான் இது புரியும்.

நான் அங்கே பாதுகாப்பு அலுவலர். எனக்கு வேலை இரண்டு. கிருமி தானாக வெளியே போகாமல் பார்த்துக்கொள்வது ஒன்று. கிருமியை எவரும் வெளியே கொண்டுபோகாமல் பார்த்துக்கொள்வது இன்னொன்று. முதல் வேலையில் யாரும் என் பேச்சைக் கேட்டதில்லை. இரண்டாவதில் ஒரே ஒரு தடவைதான் சறுக்கல். அது நான்தான்.

என் பெயர் அங்கே சோப்பு. முதுகுக்குப் பின்னால் அல்ல, நேராகவே அப்படித்தான். "சோப்பு வர்றாரு, கைய மறைங்க" என்பார்கள். பெயர் வைத்தவர் மச்சான், என் மனைவியின் அண்ணன். ஆய்வுக்கூடத்தின் தலைவர் அவர். எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். இரண்டையும் சேர்த்தே கொடுத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வுக்கூடத்தில் இருப்பவர்கள் எல்லோரும் படித்தவர்கள். கிருமியைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். பேசிக்கொண்டே மூக்கை நோண்டுவார்கள். கை கழுவினீர்களா என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்தான். "கையுறை போட்டிருந்தேன் சார்." கையுறையைக் கழற்றும்போதுதான் கையில் ஒட்டும். கழற்றியதும் கழுவ வேண்டும். இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்துவிட்டது. கையுறை போட்டிருந்தேன் என்கிறவனைக் கண்டால் எனக்கு அறையத் தோன்றும். அறைந்ததில்லை. அறைந்தால் நான் போய்க் கை கழுவ வேண்டும்.

அதனால் பவுடர் பயிற்சியைக் கொண்டுவந்தேன். கண்ணுக்குத் தெரியாத பவுடர் அது. ஊதா விளக்கை அடித்தால் பச்சையாக ஒளிரும். காலையில் கைப்பிடிகளில் தடவிவிடுவேன். மாலையில் எல்லோரையும் ஓர் அறையில் கூட்டி, ஜன்னலை மூடி, விளக்கைப் பிடிப்பேன். பவுடருக்குப் பதில் கிருமி இருந்திருந்தால் எங்கெல்லாம் போயிருக்கும் என்று கண்முன்னே தெரியும். உதட்டில் தெரிந்தது. காதுக்குள் தெரிந்தது. மச்சானுடைய பேன்ட்டின் பின்புறம் ஐந்து விரலும் அச்சாகத் தெரிந்தது. கணக்காளரின் கன்னத்தில் ஒரு சின்னக் கை ஒளிர்ந்தது. வரவேற்பில் இருந்த பெண் எழுந்து வெளியே போனாள். பிறகு இருவருக்கும் கல்யாணம் ஆனது. என் பயிற்சியால் விளைந்த ஒரே நன்மை அதுதான். விளக்கைப் பிடித்திருப்பவன் என்பதால் என் கை மட்டும் இருட்டில் இருக்கும். அதை யாரும் கேட்டதில்லை.

எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு அதே கையால் பிஸ்கட் எடுத்தார்கள்.

இதையெல்லாம் நான் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். மாமியார் இருந்ததால் முடியவில்லை. அவருக்குச் சிறுநீரகம் மாற்றியிருந்தார்கள். கொடுத்தவர் மச்சான். பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஒரு கிட்னியைக் கொடுத்தவன் கை வேறு கழுவ வேண்டுமா என்ற நினைப்பு அவருக்கு வந்துவிட்டது. புதுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமலிருக்க மாமியார் காலையும் மாலையும் மாத்திரை சாப்பிட வேண்டும். அந்த மாத்திரை, நோயை எதிர்க்கும் சக்தியைத் தூங்க வைத்துவிடும். மருத்துவர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். "நமக்கு வயித்தக் கலக்கினா ரெண்டு நாள் லீவு. இவங்களுக்கு அப்படி இல்ல. உயிருக்கே ஆபத்து." மச்சான் தலையாட்டினார். நானும் தலையாட்டினேன்.

மாமியாருக்குக் கை நடுங்கும். மாத்திரையை மச்சான்தான் வாயில் போடுவார். ஒரு பயிற்சி நாளன்று விளக்கை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அறையை இருட்டாக்கி அடித்தேன். மாத்திரை டப்பா ஒளிர்ந்தது. தண்ணீர்க் குவளை ஒளிர்ந்தது. மாமியாரின் உதடு ஒளிர்ந்தது. ஆய்வுக்கூடத்துக் கைப்பிடியில் நான் தடவியது அங்கே வந்திருந்தது. அவருடைய கைகளில் மட்டும் ஒன்றுமில்லை. நான் சொன்ன நாளிலிருந்து அவர் எதைத் தொட்டாலும் கை கழுவுவார். படுக்கையருகே ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்திருப்பார். உலகத்தில் என் பேச்சைக் கேட்ட ஒரே ஆள் அவர்.

"என்ன மாப்பிள்ளை, எங்கம்மாவுக்கு லிப்ஸ்டிக் போட்டுவிட்டீங்களா" என்றார் மச்சான். மனைவியும் சிரித்தாள். மாமியார் சிரிக்கவில்லை. "அவர் சொல்றதக் கேளுடா" என்றார்.

மச்சான் கேட்கவில்லை. அடுத்த ஊழியர் கூட்டத்தில் எழுந்து, பவுடர் விளையாட்டு போதும், இனி ஒரு போஸ்டர் ஒட்டினால் போதும் என்றார். சிரித்தபடி என் பதவியும் அவசியமா என்று பார்க்க வேண்டும் என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கணக்காளர்கூடப் பார்த்தார். அவருக்குப் பெண்டாட்டி கிடைத்ததே என்னால்தான்.

அப்போதுதான் எனக்குப் பிரச்சினை புரிந்தது. பவுடர் வலிப்பதில்லை. வலிக்காத பாடம் யார் மனதிலும் நிற்காது. இதை நிதானமாகத்தான் யோசித்தேன். எங்கள் உறைபெட்டியில் பயங்கரமான கிருமிகள் இருக்கின்றன. அவற்றின் பக்கமே நான் போகவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆரோக்கியமானவரைக் கொல்லாத, வயிற்றை மட்டும் கலக்குகிற ஒன்றை எடுத்தேன். பொறுப்பில்லாதவன் இப்படித் தேர்ந்தெடுக்க மாட்டான்.

உறைபெட்டிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி என்னிடம், ஒன்று மச்சானிடம். ஒருவர் தனியாகத் திறக்க முடியாது. அந்த விதியை எழுதியவன் நான். ஆனால் மச்சான் தன் சாவியை எப்போதோ என்னிடம் கொடுத்துவிட்டிருந்தார். "நீங்களே வச்சுக்குங்க மாப்பிள்ளை, இது பாக்கெட்ட ஓட்ட போடுது." நான் வாங்கியிருக்கக் கூடாது. ஆனால் அஜாக்கிரதை என்று எழுதுவதானால் அதை அவர் பெயரில் எழுதுங்கள்.

மதியம், டீ நேரத்துக்குச் சற்று முன்னால் தடவினேன். கையுறை, முகமூடி, மேலங்கி எல்லாம் விதிப்படி. பிறகு என் மேசைக்குப் போய் உட்கார்ந்தேன். எல்லோரும் டீ குடித்தார்கள். நான் குடிக்கவில்லை.

மறுநாள் மாலைக்குள் வேலை காட்டிவிட்டது. ஆண்களுக்கு ஒரு கழிவறை, பெண்களுக்கு ஒரு கழிவறை என்றுதான் எங்களிடம் இருந்தது. அந்தப் பாகுபாடு அன்றோடு ஒழிந்தது. கிருமிகளைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதிய ஒருவர் வாளியோடு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். கணக்காளரும் அவர் மனைவியும் வீட்டில் ஒரே கதவுக்குச் சண்டை போட்டதாகப் பிறகு சொன்னார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. எல்லோரும் பிழைத்தார்கள். எல்லோரும் இப்போது கழுவுகிறார்கள். நகக்கண்ணில் தேய்க்கிறார்கள், நான் சொல்லிக்கொடுத்தபடி.

மாமியார் இறந்துவிட்டார்.

அவர் மருத்துவமனையில் ஒரு வாரம் இருந்தார். அங்கேயும் தாதி வந்தால் கை கழுவினீங்களா என்று கேட்பாராம். தாதி என்னிடம் சொல்லிச் சிரித்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அவருக்குள் இருந்தது எங்கள் ஆய்வுக்கூடத்துக் கிருமி என்று தெரிந்ததும் மச்சான் உடைந்துபோனார். அன்று காலை மாத்திரை கொடுத்தது தன் கைதான், அதிலிருந்துதான் போயிருக்கிறது என்று முடிவுகட்டிவிட்டார். என் தோளில் சாய்ந்து அழுதார். "நீங்க எத்தன தடவ சொன்னீங்க மாப்பிள்ளை." நான் முதுகில் தட்டிக்கொடுத்தேன். இப்போது அவர் முழங்கை வரை கழுவுகிறார். தோல் உரிந்து சிவந்திருக்கிறது. என்னை யாராவது சோப்பு என்றால் சண்டைக்குப் போகிறார். மனிதர் திருந்திவிட்டார். இதைத்தான் போஸ்டர் செய்தது என்கிறது அந்தக் குழு.

மாமியார் விஷயத்தில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் நான் தடவியது ஒரு கைப்பிடியில். கைப்பிடியிலிருந்து அவர் உதட்டுக்கு அது நடந்து போகவில்லை. கழுவாத கை ஒன்று கொண்டுபோயிருக்கிறது. அவரைக் கொன்றது அந்தக் கைதான். இத்தனை வருடமாக நான் சொன்னதும் இதைத்தான்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். கேட்கப்போவது தெரிகிறது. நான் தடவியது மதியம். மச்சான் அதற்கு முன்பே வெளியூர்க் கூட்டம் ஒன்றுக்குக் கிளம்பிவிட்டார். அது எனக்குத் தெரியாது. தடவி முடித்து மேசைக்கு வந்தபின்தான் வண்டியிலிருந்து போனில் பேசினார். "திடீர்னு கூப்பிட்டுட்டாங்க மாப்பிள்ளை. இன்னைக்குச் சாயந்திரம் அம்மாவுக்கு மாத்திரைய நீங்க போய்க் குடுத்துடுங்க." ஆகவே அவர் அந்தக் கைப்பிடியைத் தொடவில்லை. டீ குடித்த வேறு யாரும் அந்த வீட்டுக்குப் போகவில்லை. நீங்கள் நினைப்பது சரி.

வேலை முடிந்து நேராக அங்கே போனேன். மாமியார் கிண்ணத்தில் கை கழுவிவிட்டு உட்கார்ந்தார். நான் டப்பாவைத் திறந்து மாத்திரையை எடுத்தேன்.

"நீங்க கழுவிட்டீங்களா மாப்பிள்ளை?" என்றார். கிண்டலாகத்தான் கேட்டார்.

"என்னையே கேக்கறீங்களா அத்தை" என்றேன். சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தார்.

அப்படிப் பார்க்காதீர்கள். அந்தக் கிருமியை என் விரல் தொடவே இல்லை. கையுறை போட்டிருந்தேன் சார்.