தண்ணி படக்கூடாத பலகை

ஏனுங்க தம்பி, அந்த ரம்பத்தைச் சித்தெ கீழ வைங்க. டீ ஆறுது. குடிச்சுப்போட்டு அறுத்துக்கலாம்.

இல்லீங்க, ஊட்டுக்கார அம்மா வர பொழுதாகும். கடைவீதிக்குத் துணி எடுக்கப் போயிருக்கறாங்க. அவசரமில்ல, குடிங்க.

அதேனுங்க, இந்த ஊறுன தரைப் பலகைய நடுவுல அறுத்துத்தான் எடுக்கோணுமுங்களா? ஓரமா நெம்புனா வராதா? பசை போட்டு ஒட்டுனதா. அது செரி. நீங்க ஒண்ணொண்ணாத் தட்டித் தட்டிச் சேர்த்தப்ப நானுந்தான் பார்த்துட்டு நின்னேன்.

எப்படி ஊறுச்சுன்னு என்னையக் கேட்டா? ஜன்னல் சாத்தித்தான் இருக்குது. ஏசித் தண்ணி அக்கட்டச் சுவத்தோட போயிருது. பூந்தொட்டிய நீங்க சொன்ன அன்னைக்கே வெளிய தூக்கி வெச்சாச்சு. நாயா? அது இந்த ஊட்டு நாயிங்க, நம்மளவிட நாசூக்கு. உள்ள காலைத் தூக்காது.

இந்தத் தரை வந்ததுலருந்து எனக்குத்தான் அம்மாகிட்டத் திட்டு எச்சாப்போச்சு. பாவாத்தா, துணிய இன்னும் புழி. பாவாத்தா, வாளிய உள்ள கொண்டாராத. மின்ன இருந்த மொசைக் தரையில வாளி வாளியா ஊத்திக் கழுவி உடுவேன், தரை சிரிக்கும். இது தண்ணி ஆகாத தரை. நீங்கதான சொன்னீங்க, இது மரமே இல்ல, அடியில மரத்தூளு, மேல மரத்தோட போட்டோன்னு. ஜெர்மனியிலருந்து கப்பல்ல போட்டோவைக் கொண்டாந்து அதும்மேல நடக்கறாங்க. நமக்கென்னங்க, இருக்கறவங்க போட்டுக்கறாங்க.

அந்தப் போட்டோங்கற பேச்சுதானுங்க என்னைய உடல.

இங்க குனிஞ்சு பாருங்க. வெளிச்சத்தை மறைக்காதீங்க. இது ஒரு கணு, இக்கட்ட இன்னொரு கணு. கீழ சுழிச்சுட்டு ஒரு கோடு. தெரியுதுங்களா? நின்னுட்டுப் பார்த்தா தெரியாது, முட்டி போட்டுத் தொடைக்கறவளுக்குத்தான் தெரியும்.

தெரியலீனா பரவால்லீங்க. சிரிக்காம இருக்கறீங்க, அதே போதும்.

எனக்கு ஒரு பொட்டப்புள்ள இருந்துச்சு. இனியான்னு பேரு, அவங்கப்பன் ஏதோ மேடைப்பேச்சுக் கேட்டுட்டு வந்து வெச்சது. கோபிப் பக்கம் வாழைத்தோட்டத்துல நாங்க வேலையில இருந்தப்பப் பொறந்தவ. பள்ளிக்கூடம் சேர்க்கறதுக்குள்ள போயிட்டா. இன்னைக்கு இருந்தா கண்ணாலத்துக்குப் பார்த்துட்டிருப்போம். ஒரே ஒரு போட்டோ எடுத்தமுங்க, மாரியாத்தா நோம்பிக்கு. அந்தப் போட்டோக்காரர் அமுக்கற நேரத்துல இவ ராட்டினத்தைத் திரும்பிப் பார்த்துப்போட்டா. கவுன்ல இருக்கற பூவெல்லாம் தெரியுது. மூஞ்சி மட்டும் பொகையாட்ட இருக்குது.

அப்ப எனக்கு அது பெருசாத் தெரியல. பெத்த புள்ள மூஞ்சி மறக்குமான்னு இருந்தேன். மறந்துபோச்சுங்க தம்பி. கொஞ்சங்கொஞ்சமா. கண்ணை மூடுனா அந்தக் கவுனுதான் வருது. ஊட்டுக்காரர்கிட்டக் கேக்கவும் பயம். அவருக்கும் மறந்திருந்தா நான் எங்கீங்க போவேன்?

அப்படி இருக்கறப்பத்தான் ஒரு நாள் தொடைச்சுட்டே வாரேன், இந்தப் பலகை அவ மூஞ்சியோட என்னையப் பார்க்குது. இந்தக் கண்ணு மட்டும் கொஞ்சம் சின்னது, பாருங்க. என்ற புள்ளைக்கும் அப்படித்தானுங்க. அதையே நான் மறந்திருந்தேன், பலகை சொல்லித்தான் ஞாபகம் வந்துச்சு. துணியப் போட்டுட்டு அப்படியே உக்கார்ந்துட்டேன்.

பயமாத்தானுங்க இருந்துச்சு. இப்பவுந்தான் பயம். ஆனாலும் காலையில இங்க வர உக்கடத்துல எப்படா பஸ் ஏறுவோம்னு இருக்கும்.

ஆமாங்க, ஒரே போட்டோவை அச்சடிச்சதுனால அதே கணு திரும்பத் திரும்ப வரும்னு நீங்க அன்னைக்கே சொன்னீங்க. நானும் இந்த ஹால் முச்சூடும் தேடிப்போட்டேன். இன்னொண்ணு சோகேசுக்கு அடியில மாட்டிக்கிச்சு. பாதி தெரியுது, நெத்தி வரைக்கும்.

புள்ளைக்கு என்ன சீக்குன்னு கேக்கறீங்களா? உடம்பு ஊதிப்போச்சுங்க. எந்திரிச்சா கன்னமெல்லாம் உப்பிக்கும். ஒண்ணுக்குப் பிரியல. டாக்டர் கண்டிசனாச் சொல்லிப்போட்டாரு, தண்ணி மட்டும் குடுத்தராதீங்க, நாக்கைத் துணியில நனைச்சு உடுங்க போதும்னு. அவரைச் சொல்லிக் குத்தமில்ல, புள்ள நல்லதுக்குத்தான் சொன்னாரு. இவ கேட்டுட்டே இருந்தா. அம்மா, தண்ணி. அம்மா, ஒரே வாய். சொம்பு கண்ணுல படக்கூடாதுன்னு முந்தானிக்குள்ள மறைச்சு வெச்சிருந்தேன். குடுக்கலீங்க. கேட்டுட்டேதான் போனா.

தரை போட்டு முடிச்சுட்டு நீங்களும் அதையேதான சொன்னீங்க. தண்ணி மட்டும் காட்டிராதீங்கம்மான்னு.

ஒரு கை தண்ணிதானுங்க. தெனமும் காலையில, அம்மா எந்திரிக்கறதுக்கு மின்ன. இந்தா இங்க, வாய்கிட்ட. உறிஞ்சிக்கும். அத்தனை வருசத்துத் தாகம் இல்லீங்களா? ரெண்டாந்தடவையும் இல்லீன்னு சொல்ல என்னால ஆகல. இப்ப தொட்டுப் பாருங்க, கன்னம் உப்பிருச்சு. அதே மாதிரி.

நீங்க அம்மாகிட்டச் சொன்னாலும் சொல்லிக்கங்க. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்.

அறுத்த பலகைய நான் ஊட்டுக்கு எடுத்துட்டுப் போறதா? வேண்டாங்க தம்பி. இந்த வீங்குன மூஞ்சிய நான் ஒருக்காப் பார்த்ததே போதும். நீங்க அறுங்க. நான் அக்கட்டத் திரும்பிக்கறேன்.

புதுசு எங்கீங்க, இந்த டப்பாவுல இருக்கறதா? அந்த மேல இருக்கற பலகையச் சித்தெ இப்படித் திருப்புங்க.

ம்.

பாருங்க, வீக்கமே இல்ல. நோம்பிக்குக் கவுனு போட்டு நின்னாளே, அப்படியே இருக்கறா.

தம்பி, வேற பலகை கெடக்குதுங்களா அதுல? கணு இல்லாதது. மூஞ்சி மறந்தா மறந்துட்டுப் போகுது. இதைப் போட்டீங்கன்னா இவளும் தண்ணி கேப்பா. நான் குடுத்துப்போடுவேனுங்க.