அக்கா குச்சியைச் செதுக்கியவர்

மேடையில் வீற்றிருக்கும் முதலாளி அவர்களே, சங்கச் செயலாளர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, மருமகளே, வெட்டு மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுத் துணிக்கட்டுகளின் மேல் உட்கார்ந்திருக்கும் என் தையல் பிரிவுத் தோழிகளே! அனைவருக்கும் கனத்த நெஞ்சோடு என் வணக்கம்.

உங்களை அதட்டியே பழகிய தொண்டை இது. இன்று கொஞ்சம் தடுமாறும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் இஸ்திரி அண்ணன் போய்விட்டார். பதினெட்டு ஆண்டுகள் இந்தக் கூடத்தின் ஜன்னலோர மேசையில் நின்றவர், போன செவ்வாய்க்கிழமை நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தார். பிறகு எழவே இல்லை. அவரைப் பற்றி என்ன சொல்வது? நன்றாக இஸ்திரி போட்டார் என்றா? அதற்கு ஆயிரம் பேர் உண்டு! நான் ஒரு குச்சியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அந்தக் குச்சியைப் பற்றி நான் சொன்ன ஒரு பொய்யைத் திருத்தவும் வந்திருக்கிறேன்.

துண்டுத் துணிகளை இணைத்து நாம் போர்வை தைக்கிறோம். ஒவ்வொரு தையலின் ஓரத்தையும் இருபுறம் விரித்துப் படியவைத்தால்தான் அடுத்த துண்டு நேராகச் சேரும். அந்தக் காலத்தில் ஒவ்வொரு தையலுக்கும் எழுந்து அண்ணன் மேசைக்கு ஓட வேண்டும். பத்துப் பேர், ஒரே ஒரு இஸ்திரிப் பெட்டி! வரிசையில் நின்று சலித்தவர்கள் கட்டைவிரல் நகத்தாலேயே தேய்ப்போம். சாயங்காலம் சட்டைப் பொத்தான்கூடப் போட முடியாது. மூலைகளைத் திருப்புவதற்கு? திருட்டுத்தனமாகக் கத்தரிக்கோல் முனைதான்!

அந்தக் கத்தரிக்கோலால்தான் என் மானம் போனது. ஒரு குழந்தைப் போர்வை, நடுவே வைத்துத் தைக்க ஒரு துணி நட்சத்திரம். உள்துணியோடு தைத்து, வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். நான்கு முனைகள் அழகாக வந்தன. ஐந்தாவதைக் கொஞ்சம் அழுத்தினேன். கத்தரி துணியைக் கிழித்துக்கொண்டு எட்டிப் பார்த்தது. மூலையில் கத்தரி வைத்தால் கையை உடைப்பேன் என்று ஊரையே மிரட்டுகிறவள் நான்!

யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன். அண்ணன் பார்த்துவிட்டார்.

"அக்கா, கத்தரி வெட்டுறதுக்குன்னே பொறந்தது. அதப் போய்த் தள்ளச் சொன்னா அது என்ன பண்ணும், பாவம்?" என்றார். என்னைவிட ஆறு வயது மூத்தவர், ஆனாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"உங்க வேலையப் பாருங்க" என்றேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம்.

அவர் பார்த்த வேலை என்ன தெரியுமா? உடைந்த மரக்கரண்டியின் காம்பை எடுத்து, ஒரு வாரம் சாப்பாட்டு இடைவேளையில் உப்புத்தாளால் தேய்த்தார். ஒரு முனை மழுங்கிய கூர். மூலையைத் தள்ளும், குத்தாது. மறுமுனை உளி போலச் சரிந்த பட்டை. தையல்மேல் ஒரு இழுப்பு இழுத்தால் சூடே இல்லாமல் படியும். உட்கார்ந்த இடத்திலேயே!

இதோ, நம் சங்கச் செயலாளர்தான் கேட்டார்: "ஏம்ப்பா, உன் மேசைக்கு வர்ற கூட்டத்த நீயே வெரட்டுறியே, உன் தலையில நீயே மண்ண வாரிப் போட்டுக்கிறியா?"

"பெட்டியும் கொஞ்சம் மூச்சு விடட்டுமே" என்றார் அண்ணன். பின்னாளில் அப்படி மிச்சமான நேரத்தில் ஒரு மரக்கட்டையை இழைத்து வந்தார். "கடைசியா சூடு போட்டதும் இத மேல வைங்க. துணி ஆறும்போதுதான் சொன்ன பேச்சு கேக்கும்" என்றார். இன்றுவரை நம் போர்வைகள் பலகை போலப் படிந்திருப்பது அந்தக் கட்டையால்தான்.

ஆனால் குச்சியை முதலில் கொடுத்தபோது என்ன செய்தோம்? சிரித்தோம்! "இஸ்திரிக்காரர் நமக்குத் தையல் சொல்லித் தர்றாராம்" என்றோம். அவர் செதுக்கிக் கொடுத்த குச்சிகளைக் குப்பைக்கூடையில் நானே பார்த்தேன். ஒன்றை மட்டும் யாருக்கும் தெரியாமல் எடுத்து வைத்துக்கொண்டேன். என் மூலைகள் ஊசி போல வந்தன. ஒருநாள் முதலாளி அவர்கள் சுற்றிப் பார்க்க வந்து, என் மேசையில் நின்று, குச்சியைக் கையில் எடுத்தார்கள்.

"யார் யோசனை இது?"

"நான்தான், சார்" என்றேன்.

ஆம், தோழிகளே! அப்படித்தான் சொன்னேன். அண்ணன் நான்கடி தள்ளித் துணிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அன்று முதல் அதற்கு அக்கா குச்சி என்று பெயர். நீங்கள் எல்லோரும் கேட்டு வாங்கினீர்கள். அவரே செதுக்கிக் கொடுத்தார். எனக்கு மட்டும் இடது கைக்குத் தோதாகச் சரிவை மாற்றிச் செதுக்கினார். தேய்த்துத் தேய்த்துக் கெட்டுப்போன இந்தக் கட்டைவிரலுக்குத் தையலை விட்டுவிடுங்கள் என்று டாக்டர் சொல்லியும், நான் இன்னும் இந்தக் கூடத்தில் இருக்கிறேன் என்றால் அந்தக் குச்சியால்தான். நன்றி சொன்னேனா? பதினான்கு வருடம் வாய் வரவில்லை.

நேற்று அண்ணியிடம் போய் அழுதேன். அந்தத் துக்கத்திலும் அவர் சிரித்தார்.

"அட, இதுக்கா இந்த அழுகை? அன்னைக்கே வந்து சொல்லிட்டாரே. 'என் குச்சின்னா குப்பைக்குப் போகுது, அக்கா குச்சின்னா பயந்துக்கிட்டாவது எடுப்பாங்க, நல்லதாப் போச்சு'ன்னாரு."

கேட்டீர்களா? பெயர் யாருக்குப் போனால் என்ன, உங்கள் விரல்கள் பிழைத்தால் போதும் என்று இருந்த மனிதர்! இப்படி ஒருவரோடு வேலை செய்யக் கொடுத்து வைத்திருந்தோமே, அதற்கு நாம் என்ன தவம் செய்தோம்?

இன்று காலை அண்ணன் மகள், என் மருமகள், என் கையில் ஒரு குச்சியைக் கொடுத்தாள். "அத்தை, இது அப்பா மேசையில இருந்துச்சு" என்றாள். பாதிதான் தேய்த்திருக்கிறது. சரிவு இடது கைக்கு. என் பழைய குச்சி தேய்ந்துபோனதை நான் யாரிடமும் சொல்லவில்லை, அவராகவே பார்த்திருக்கிறார்.

மீதியை நானே தேய்ப்பேன். கோணலாகத்தான் வரும். அடுத்ததையும் தேய்ப்பேன், அது கொஞ்சம் நேராக வரும். இனி இந்தக் கூடத்துக்குப் புதிதாக யார் வந்தாலும், கத்தரிக்கோலுக்கு முன்னால் அண்ணன் குச்சிதான் கையில் கொடுக்கப்படும். செய்தவர் யார் என்பதையும் சொல்லித்தான் கொடுப்போம். இது நம் எல்லோர் சார்பிலும் நான் தரும் வாக்கு.

முதலாளி அவர்களே, அன்று என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். தயவுசெய்து அதை இன்னொரு முறை கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன்தான், சார்.