பஸ்ஸில் தெறித்த ஜம்பர்

என் கையெழுத்து அழகாக இருக்காது, எழுத்துப் பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போடிமெட்டிலிருந்து மூணாறு போகும் பஸ்ஸில் எனக்குப் பக்கத்துச் சீட்டில் இரண்டு பேர். ஒருவர் தேயிலை ஃபேக்டரியில் கம்ப்யூட்டர் பார்ப்பவர். மடியில் கம்ப்யூட்டருக்குள் மாட்டும் பச்சைக் கார்டு ஒன்றை வைத்திருந்தார். மற்றவர் அவருடைய மச்சான்.

“ஜம்பர மட்டும் கழட்டி மாத்திப் போட்டாப் போதும், மச்சான்.”

அவர்களுக்கு முன்னால் இருந்த, கொழுந்து எடுக்கும் அக்கா திரும்பினார். எங்கள் பக்கம் ஜம்பர் என்றால் ரவிக்கை.

“யாரு ஜம்பரய்யா?”

“ஐயோ, கார்டுல கம்பி மேல மாட்டுற இந்தக் குட்டித் தொப்பிக்கு அந்தப் பேருதான் யக்கா. எந்தக் கம்பியில மாட்டுறமோ அதான் நம்பரு. கொழுந்துத் தராசு எடை இந்தக் கார்டு வழியாத்தான் கம்ப்யூட்டருக்குப் போவும். மவுசுக்கும் தராசுக்கும் ஒரே நம்பர் வச்சிட்டேன். ரெண்டும் முட்டிக்கிட்டு எடையே ஏறல.”

“அதான் எங்கள வரிசையில காய விட்டியளா?”

“நாளைக்கும் ஏறலேன்னா வேற ஆளப் பாத்துக்கிறேன்னுட்டாரு ஆபீசர்.”

தொப்பியை நகத்தால் பிடுங்கி அடுத்த நம்பர் கம்பிக்கு மாற்றும்போது பஸ் வளைவில் திரும்பியது. தொப்பி தெறித்துவிட்டது. இருவரும் சீட்டுக்கடியில் குனிந்து தேடினார்கள்.

“வேற இருக்கா?”

“இது ஒண்ணுதான், மச்சான்.”

தேவிகுளத்தில் இறங்க எழுந்த அக்கா முந்தானையை உதறினார். பிறகு கருப்பாக எதையோ எடுத்து நீட்டினார்.

“இந்தாய்யா, ஒன் ஜம்பரு. என் ஜம்பரு மேல கெடந்துச்சு. ஒழுங்கா மாட்டு. நாளைக்குத் தராசுல மொத ஆளா நிப்பேன்.”

கேட்டது சித்திரையில். எழுதியது ஆவணி பன்னிரண்டு.