பேராயரைக் குளிப்பாட்டிய விதம்

ரைன் நதியின் இரு கரைகளிலும் இதுவரை ஒரு பொய்கூடச் சொல்லாத மனிதன் நான் ஒருவன்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை, சகோதரர் மைன்ஹார்ட். பேராயர் கெர்விக்கைப் புனிதராக்குவதற்குச் சாட்சியம் திரட்ட வந்திருக்கிறீர்கள். பதினேழு ஆண்டுகள் அவருக்குச் செயலாளனாக இருந்தவன் என்று முதலில் என்னிடம் வந்திருக்கிறீர்கள். உங்கள் வேலை சுலபமாகட்டுமே என்றுதான் சொன்னேன். புனிதர்களின் வரலாறு எழுதுகிறவர்களைக் கண்டாலே எனக்குச் சிரிப்பு வரும். செத்த மாட்டை எழுப்பினார், ஆற்றை நிறுத்தினார் என்று எழுதுவார்கள். கை கூசவில்லையா என்று கேட்டால், "எல்லாரும் எழுதுறதுதானே" என்பார்கள். நான் அந்த ரகமில்லை.

அவர் வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முப்பத்திரண்டு வயதில் பேராயரானார். பஞ்ச காலத்தில் கோவில் களஞ்சியங்களைத் திறந்துவிட்டார்; கறுப்பு ரொட்டி தின்று ஊர் பிழைத்தது. மதில் கட்டினார், சந்தை நடத்த உரிமை கொடுத்தார், மன்னருக்கே புத்தி சொன்னார். நெசவாளர்கள் கலகம் செய்தபோது, அவர்களில் நான்கு பேரின் கண்களைப் பிடுங்கச் சொன்னார். அந்த உத்தரவை எழுதியது நான்தான். எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை.

எங்கள் ஊருக்கு ஒரே ஒரு குறை. அக்கம்பக்கத்து நகரங்களில் எல்லாம் ஊருக்கொரு புனிதர் கல்லறையில் படுத்திருக்கிறார். எங்களிடம் ஒரு புனிதரின் பல்கூடக் கிடையாது. யாத்திரிகர்கள் எங்கள் வாசலில் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த ஊரில் போய் முழந்தாளிடுவார்கள். பேராயர் ரோமுக்குப் புறப்பட்டபோது பேராலயக் குருக்கள் என்னைத் தனியே அழைத்து, "அவருக்கும் வயசாயிடுச்சு. வழியில ஏதாவது ஆச்சுன்னா அங்கேயே விட்டுட்டு வந்துடாதே" என்றார்கள். அவர் கல்லறைக்குக் கல் அப்போதே வந்து இறங்கியிருந்தது.

திரும்பும் வழியில், மலைமேல் இருந்த ஒரு மடத்தில் காய்ச்சலாய் விழுந்தார். தொலைதூரத்தில் நம் பெரியவர்கள் இறந்தால் என்ன செய்வோம் என்று உங்களுக்குத் தெரியும். உடல் நாறும், எலும்பு நாறாது. பெரிய கொப்பரையில் மதுவும் தண்ணீரும் ஊற்றி, சதை கழலும்வரை கொதிக்க வைத்து, எலும்பைக் கழுவி, தோல்பையில் கட்டிக் கொண்டுவருவோம். மற்றதை அங்கேயே புதைப்போம். மரியாதையான ஏற்பாடு. இத்தாலிக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். அவர்கள் எதற்குத்தான் சுளிக்கவில்லை.

மடத்து வைத்தியர் இரண்டு நாள் கெடு சொன்னார். பனி விழத் தொடங்கியிருந்தது. கணவாய் அடைபட்டால் வசந்தம்வரை இறங்க முடியாது. விறகோ ஈரம், கொப்பரை சூடேறவே ஒரு நாள் ஆகும். ஆகவே முன்கூட்டியே அடுப்பு மூட்டச் சொன்னேன். எங்கள் சமையல்காரன் வெட்ஸெல் மட்டும் முனகினான்.

"சாமி, ஆளு இன்னும் மூச்சு விட்டுக்கிட்டு இருக்காரு. அதுக்குள்ள உலை வைக்கச் சொல்றீங்களே."

"கல்யாணத்துக்கு எல்லாரும் பந்தியில உக்காந்த பிறகா உலை வைப்பே?" என்றேன்.

மூன்றாம் நாள் காலையில் காய்ச்சல் விட்டது.

அதுதான் சிக்கல். எழுந்து உட்கார்ந்தார். பீர் ஊற்றிக் காய்ச்சிய கஞ்சி கேட்டு இரண்டு கிண்ணம் குடித்தார். சன்னல் வழியே புகையைப் பார்த்தார்.

"என்னப்பா ஃபோல்க்மாரு, கீழ இவ்வளவு பெரிய அடுப்பு?"

"தண்ணி காயுது, ஆண்டவரே. உங்களுக்குத்தான்."

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை என்பதைக் கவனியுங்கள்.

"குளிக்கவா? நல்ல பிள்ளைடா நீ" என்றார். பிறகு தன் கைகளைப் பார்த்தபடியே சொன்னார். "நான் ஊருக்கு வரலப்பா. பதவியை விட்டுடுறேன். இங்கேயே இருந்து இங்கேயே மண்ணுக்குள்ள போயிடுறேன். அதுக்கு முன்னால ஒரு கடிதம் எழுதணும். அந்த நாலு பேருக்கு நான் செஞ்சது பாவம், மன்னிச்சிடுங்கன்னு. கோவில்ல சத்தமா வாசிக்கச் சொல்லு. கோவில் படியில உக்காந்திருக்கிற அவங்களைத் தினமும் தாண்டித்தான் பூசைக்குப் போனேன். தாண்டினது யாருன்னு அவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்ல."

யோசித்துப் பாருங்கள். எலும்பு மலையில், கடிதம் ஊரில். புனிதர் கடவுளிடம் மன்னிப்புக் கேட்கலாம், அது அழகு. நெசவாளர்களிடம் கேட்டால் அவரை யார் கும்பிடுவார்கள்? நான் எனக்காக எதுவும் யோசிக்கவில்லை. அந்த உத்தரவில் இருந்த கையெழுத்து என்னுடையது என்பதுகூட அப்போது நினைவுக்கு வரவில்லை.

"முதல்ல குளிச்சிடுங்க, ஆண்டவரே. எழுதுறதுக்கு என்ன அவசரம்" என்றேன்.

என் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். அடுப்புக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார வைத்தேன். வெட்ஸெல் என் காதருகே வந்தான்.

"சாமி, நடந்து வராரு."

"பாத்துக்கிட்டுதானே இருக்கேன். நீ போய் விறகு கொண்டு வா."

போனான். துணியை வெந்நீரில் நனைத்து அவர் முகத்தைத் துடைத்தேன். "அப்பாடா" என்றார். அதுதான் கடைசி வார்த்தை, குறித்துக்கொள்ளுங்கள். நான் துடைப்பதை நிறுத்தவில்லை. ஈரத்துணி நல்ல கனம். அவர் கைகள் என் அங்கியைப் பிடித்தன, நடை பழகும் குழந்தை பிடிப்பதுபோல. கை தவறிவிட்டது என்று சொல்லலாம், ஆனால் நான் பொய் சொல்வதில்லை. இறந்தோருக்கான சங்கீதத்தை நிதானமாக இரண்டு முறை சொல்லி முடிக்கும்வரை அழுத்திப் பிடித்திருந்தேன்.

வெட்ஸெல் திரும்பியபோது கொப்பரை பதமாகக் கொதித்துக்கொண்டிருந்தது. காலியான முக்காலியைப் பார்த்தான்; கொண்டுவந்த விறகை அடுப்பில் தள்ளினான். இப்போது பேராலய மடைப்பள்ளியில் அவன்தான் தலைவன். இறைச்சியை மட்டும் தொட மாட்டேன் என்கிறான். மடாதிபதியிடம், காய்ச்சல் விட்ட பிறகு இறந்தார் என்றேன். அதுவும் உண்மை. பனி மூடுவதற்குள் இறங்கிவிட்டோம்.

ஏன் இறகுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள்?

இதை நீங்கள் குருக்களிடம் கொண்டுபோனால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். அடுப்பில் போட்டுவிட்டு, சுத்தமான பிரதி ஒன்று கேட்பார்கள். கல்லறைமுன் கூட்டத்தைப் பார்த்தீர்களா? அந்த நான்கு நெசவாளர்களில் ஒருவன் போன குளிரில் செத்தான். மற்ற மூவரும் தினமும் வருகிறார்கள். கண்ணைப் பிடுங்கச் சொன்னவரின் எலும்பிடமே கண் கேட்கிறார்கள். வேறு யாரிடம் போவார்கள், பாவம். அவர் கேட்க நினைத்த மன்னிப்பு அவர்களுக்கு இனி வந்து சேராது. நான் சொல்லலாம்தான். சொல்லி?

இறகை எடுங்கள், மை காய்கிறது. நான் சொல்லச் சொல்ல எழுதுங்கள்: 'எலும்புப் பேழை வந்த மூன்றாம் நாள், குருடனான நெசவாளன் ஒருவன் அதன்மேல் நெற்றி வைத்து அழுதான். அழுத கண்கள் திறந்தன. அவன் முதலில் கண்டது பீடத்து மெழுகுவர்த்தியை.'

எழுதிவிட்டீர்களா? நல்லது. போகும்போது கோவில் படியில் பார்த்து இறங்குங்கள், சகோதரரே. மூவரும் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள். கால் பட்டால், யாரென்று கேட்பார்கள்.