உபயம்: ஜெயபாலன் குடும்பத்தினர்

பால் இல்லாத இந்தத் தே ஓ தேநீரில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், இன்ஸ்பெக்டர். கேன்டீனில் சொல்லிவையுங்கள். நாள் முழுக்க இதையே குடித்தால் சின்ன வயதிலேயே இனிப்பு நீர் வியாதி வந்துவிடும். பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் புளோக்கில் அது இல்லாத வீடே இல்லை.

காலையில் சொன்னதைத்தான் மறுபடியும் சொல்லப்போகிறேன். இந்த முறை டைப் செய்துகொள்ளுங்கள். என் வீட்டுக்காரர் ஜெயபாலன் உங்கள் லாக்கப்பில் இருக்கிறார். அவரோடு தினமும் வேலைக்குப் போகும் பக்கத்து வீட்டு மதிவாணனுக்குக் காப்பியில் தூக்க மாத்திரை கலந்து கொடுத்தார், அதனால்தான் அவன் மோட்டார் சைக்கிளோடு லாரிக்கு அடியில் போய் விழுந்தான் என்று பிடித்து வைத்திருக்கிறீர்கள். அவர் கலக்கவில்லை. நான் கலந்தேன்.

இதைச் சொன்னதற்குக் காலையில் நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"அக்கா, வீட்டுக்குப் போங்க லா. புருஷன காப்பாத்த இப்படி வந்து சொல்றவங்கள நான் நெறைய பாத்துட்டேன். என் சர்வீஸ்ல இந்த மாதிரி வேலை செஞ்சதெல்லாம் ஆம்பளைங்கதான்."

அந்த ஆறுதலை ஏற்றுக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தேன். எதிரே லாக்கப் அறைகள். ஆண்கள் அறையில் இடமில்லாமல் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறார்கள். பெண்கள் அறையில் உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கிறீர்கள். அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. நான் ஒருத்தி இங்கே உட்கார்ந்திருக்கிறேன், என் இடத்தில் நாற்காலி இருக்கிறது.

ஆண்களுக்குக் கோபம் அதிகம், குடி அதிகம், கூட்டாளி அதிகம், அதனால்தான் குற்றமும் அதிகம் என்று சொன்னீர்கள். நீங்கள் படித்தவர், தப்பாக இருக்காது. நான் கேட்பது வேறு. பெண்கள் செய்வதெல்லாம் யார் பேரில் பதிவாகிறது என்று என்றைக்காவது பார்த்திருக்கிறீர்களா?

தீபாவளி நெருங்கினால் நான் முறுக்குச் சுடுவேன். மாவு பிசைந்து, பிழிந்து, எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்று என் முழங்கை இரண்டும் பொரிந்து போயிருக்கின்றன, பாருங்கள். இவர் டின்களை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போவார். அங்கே அவர் கம்பெனியில் அதற்கு 'ஜெயபாலன் முறுக்கு' என்று பேர். ஒருமுறை அவருடைய சூப்பர்வைசர் குடும்பத்தோடு வீட்டுக்கு வந்திருந்தார். "பாலன், உன் முறுக்கு மாதிரி எங்கயும் கெடைக்காதுப்பா" என்றார். இவர் கூச்சப்பட்டுச் சிரித்தார். நான் தட்டை நீட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

இந்த வருஷம் கோயில் திருவிழாவில் ஒருநாள் அன்னதானம் எங்கள் உபயம். முறுக்கில் நான் சேர்த்த பணம். அடுப்பிலும் நான்தான் நின்றேன். சாம்பாரைக் கிளறிவிட்டு வியர்வையைத் துடைக்க வெளியே வந்தபோது வாசலில் பேனர் கட்டியிருந்தது. 'உபயம்: திரு. ஜெயபாலன் குடும்பத்தினர்.' அந்தக் கடைசி வார்த்தைக்குள் எங்கேயோ நானும் இருந்தேன்.

"ஏங்க, எம் பேரையும் போடச் சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டேன்.

"அட, ரெண்டும் ஒண்ணுதானே கஸ்தூரி" என்றார்.

அவ்வளவுதான். அடித்தாரா என்று காலையில் கேட்டீர்கள். இல்லை. குடிப்பாரா? தீபாவளிக்குக்கூடத் தொடமாட்டார். வேறு பெண்? அவருக்கு அதற்கெல்லாம் சாமர்த்தியம் போதாது. நீங்கள் தேடுகிற காரணம் என்னிடம் இல்லை. இருந்திருந்தால் உங்களுக்கு டைப் செய்ய வசதியாக இருந்திருக்கும். அவர் நல்ல மனிதர் என்று ஊரே சொல்லும். அந்த நல்ல பேரும் நான் துவைத்துத் தேய்த்துக் கொடுத்த சட்டையில்தான் நடந்து போனது.

அந்தப் பேனரைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. கிளினிக்கில் மாத்திரை கொடுத்தார்கள். நான் அதைப் போட்டுக்கொள்ளாமல் சேர்த்து வைத்தேன். ஆண்கள் என்றால் அன்றைக்கே கோயில் வாசலில் பாராங் கத்தியைத் தூக்கியிருப்பார்கள், ஊர் கூடியிருக்கும், நீங்களும் வந்திருப்பீர்கள். எனக்கு எந்த அவசரமும் இல்லை. விடிவதற்கு முன்னால் எழுந்து அவருக்குக் காப்பி போட்டு ஃபிளாஸ்கில் ஊற்றிக் கொடுப்பது கல்யாணமான நாளிலிருந்து என் வேலை. பெட்ரோல் ஸ்டேஷனில் எண்ணெய் ஊற்றும்போது குடித்துவிட்டுத்தான் பெரிய ரோட்டில் ஏறுவார். காப்பியில் தூக்கத்தைக் கலந்துவிட்டால் போதும், மீதியை ரோடு பார்த்துக்கொள்ளும். இப்படித்தான் கணக்குப் போட்டேன். ஆமாம், அந்தக் காப்பி மதிவாணனுக்காகப் போட்டதல்ல.

அன்று காலை அவர் சட்டையெல்லாம் ரத்தத்தோடு வீட்டு வாசலில் வந்து நின்றார். "மதி போயிட்டான் கஸ்தூரி" என்று சொல்லி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு முதலில் வந்தது ஏமாற்றம். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? பிறகுதான் பக்கத்து வீட்டில் லோஷினி அலறுவது காதில் விழுந்தது. மதிவாணனின் மனைவி. வயிற்றுப் பிள்ளைக்காரி.

ஈமக்காரியம் முடிந்து ஆண்கள் எல்லாரும் உடலோடு சுடுகாட்டுக்குப் போனார்கள். பெண்கள் நாங்கள் வீட்டைக் கழுவினோம். நான்தான் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினேன். லோஷினி என் மடியில் படுத்துக்கொண்டு, "அக்கா, நீங்க இல்லன்னா நான் என்னா செய்வேன்" என்று அழுதாள். அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். அதில் நடிப்பு எதுவும் இல்லை. அவள் மேல் எனக்குப் பிரியம் உண்டு.

பிறகு டாக்டர் ரிப்போர்ட் வந்தது, நீங்கள் வந்தீர்கள். காப்பி கொடுத்தது யார் என்று கேட்டீர்கள். இவர் தன் ஃபிளாஸ்க் என்றார். அதற்குச் சில நாள் முன்பு இவரும் மதிவாணனும் கோயில் சமையல்கட்டில் கத்திச் சண்டை போட்டதைப் பத்துப் பேர் பார்த்திருந்தார்கள். உங்களுக்கு வேறென்ன வேண்டும்?

நான் சும்மா இருந்திருந்தால் போதும். லாரி செய்யாததைக் கோர்ட் செய்திருக்கும். வீட்டில் நான் என் பேரோடு இருந்திருப்பேன். நேற்று வரைக்கும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நேற்று நீங்களே அவரைப் பார்க்க என்னை உள்ளே விட்டீர்கள். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"உன் காப்பிய நான் குடிக்கிறத நிறுத்தி ரொம்ப நாளாச்சு கஸ்தூரி. எனக்கு இனிப்பு நீர். டாக்டர் வேணாம்னுட்டாரு. உன்கிட்ட சொன்னா மனசு ஒடிஞ்சிருவ. விடியறதுக்கு முன்ன எழும்பிப் போடுறியேன்னு வீணாக்க மனசில்லாம பெட்ரோல் ஸ்டேஷன்ல மதிக்கு ஊத்திக் கொடுத்திருவேன். அவனுக்கு அது 'கஸ்தூரி அக்கா காப்பி'. அப்படித்தான் கேட்டு வாங்குவான்."

நான் கைகளை மேசை மேல் வைத்தேன்.

"அன்னைக்குச் சண்டைகூட உன்னாலதான். பேனர்ல ஏன் அக்கா பேர் இல்லன்னு கேட்டான். உனக்கென்னடா அதுலன்னு நான் கத்திட்டேன். அவன் கேட்டது நியாயம்தான்."

அவர் என் முழங்கையில் இருக்கும் தழும்புகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தணித்துச் சொன்னார்.

"காப்பி யாரு போட்டதுன்னு கேட்டாங்க. நான்தான் போட்டேன்னு சொல்லிட்டேன். நீ போலீஸ் பாலாய்க்கு வந்து ஒண்ணும் பேசிடாத. வீட்டுக்குப் போ. எல்லாம் என் பேர்லயே இருக்கட்டும். அன்னைக்கு மட்டும் அத நானே குடிச்சிருக்கலாம்."

கேட்டீர்களா, இன்ஸ்பெக்டர்? அடுப்பு பற்றவைக்கத் தெரியாத மனுஷன். காப்பித்தூள் டப்பா எங்கே இருக்கிறது என்று இன்றைக்கும் அவருக்குத் தெரியாது. முறுக்கை எடுத்துக்கொண்டார், அன்னதானத்தை எடுத்துக்கொண்டார், கடைசியில் இந்தக் காப்பியையும் தான் போட்டதாகச் சொல்லிவிட்டார். எல்லாம் என் பேரிலேயே இருக்கட்டும் என்று என் முகத்துக்கு நேராகச் சொல்ல அவருக்கு எவ்வளவு துணிச்சல் பாருங்கள். ராத்திரி முழுக்க எனக்கு மனசு கொதித்தது. விடிந்ததும் கிளம்பி வந்துவிட்டேன்.

நீங்கள் ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? அவர் என்னைக் காப்பாற்றுகிறார் என்று நினைக்கிறீர்களா? நீங்கள் அவரோடு வாழவில்லை.

அழுகிறீர்களா என்று கேட்காதீர்கள், கண்ணில் தூசி. இந்த அறையில் ஃபேன் காற்று நேராக முகத்தில் அடிக்கிறது. மாத்திரைக் கவர் என் வீட்டில் அரிசி டின்னுக்குள் இருக்கிறது, ஆளை அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கிளினிக்காரர்கள் பெரிய எழுத்தில் கஸ்தூரி என்று எழுதியிருக்கிறார்கள். என் பேர் மட்டும். பக்கத்தில் யாரும் இல்லை.

அந்த நாற்காலிகளை எடுத்துப் போடச் சொல்லுங்கள். தெளிவாக எழுதுங்கள். மாத்திரையைச் சேர்த்தது கஸ்தூரி. காப்பி போட்டது கஸ்தூரி. கட்டின கணவனைக் கொல்ல முடிவெடுத்தது கஸ்தூரி, யார் தூண்டியும் இல்லை, யார் உதவியும் இல்லை. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

மதிவாணன் விஷயம் வேறு. நான் அவனுக்கு ஒரு சொட்டுக்கூட ஊற்றவில்லை. கோப்பையை அவன் கையில் கொடுத்தது யார் என்று உங்களுக்கே தெரியும். அதை மட்டும் ஜெயபாலன் பேரில் எழுதிக்கொள்ளுங்கள்.